சிவப்பு திறக்கும் ஞாயிறு

சனிக்கிழமை மதியம் சோணைமுத்து கேபிள் ஆபீஸ் வாசலில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமலே, "நாளைக்கும் செவப்புச் சாயந்தேன். எட்டு மணிக்குத் தெறந்து விடுறேன்" என்றார். அருப்புக்கோட்டைக்காரர், ஆற்றோரச் சாயப்பட்டறையில் மாஸ்டர். பட்டறையில் எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறத்தில்தான் ஆறும் ஓடும். ஊர்க் கேபிளில் வாராவாரம் ஓடிய எங்கள் தொடருக்குச் சிவப்பு வேண்டும். ஆர்டர் இல்லாத வாரங்களில்கூட ஒரு தொட்டிச் சிவப்பை எங்களுக்காகத் தேக்கி வைத்திருந்தார். டைட்டிலில் பெயர் போட்டால் போதும் என்றார்.

தொடருக்கு எடுத்துக்கொண்ட நாவல் ஒரு மொழிபெயர்ப்பு. அட்டை கிழிந்து, எழுதியவர் பெயரில்லாமல் நூலகத்தில் எனக்குக் கிடைத்தது. வேறொரு கிரகத்தில் ஒருநாள் ஆறு சிவக்கிறது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பெண் மட்டும் தினமும் ஓரடி கூடுதலாக அதற்குள் இறங்குகிறாள். அருள்புரத்தில் கேபிள் நடத்திய சாமியப்பனிடம் கல்யாண வீடியோ எடுக்கும் கேமரா இருந்தது. கதையைக் கேட்டதும் அவர் படமாக எடுத்துவிடலாம் என்றார்.

"ரெண்டு மணி நேரப் படம் தம்பி. ஒரே ஞாயித்துக்கெழம ஆத்துல எறக்கி ஏத்துனா முடிஞ்சுது."

நான் ஒப்பவில்லை. "படம்னா வெளிய வந்து டீ குடிச்சதும் பயம் போயிருமுங்ணா. தொடருன்னா வாரம் பூரா ஊட்டுக்குள்ளயே இருக்கும்."

அப்படிச் சொன்னது எனக்கே பிடித்திருந்தது. பதின்மூன்று வாரங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் அவள் தண்ணீருக்குள் நிற்பாள் என்று எழுதினேன். நிற்கப்போவது மயிலாளின் கால்கள் என்பதை எழுதும்போது யோசிக்கவில்லை.

அந்தப் பெண்ணாக நடித்த மயிலாள், நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங். நான்காவது வாரம் அவள் நகங்கள் கறுத்தன. ஆறாவது வாரம் விரலிடுக்குகளில் தோல் உரிந்தது. பிறகு பனியன் வேஸ்ட் துணியைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

"காலு எப்படியிருக்குது?" என்று எட்டாவது வாரம் முடிந்ததும் கேட்டேன்.

"மொதல்ல எரிஞ்சுதுங்க. இப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்க. ஆறிருச்சாட்ட இருக்குது."

"நிறுத்திக்கலாமா?"

அவள் சிரித்தாள். "ஏனுங்க, எட்டு வாரம் என்னையக் காட்டிப்போட்டு இப்ப நிறுத்துனா சனம் உங்க கேபிளப் புடுங்கிப் போடுமுங்க. எங்க லைன் புள்ளைக, மோகினி வர்றா ஒதுங்கி நில்லுங்கடின்னு வழி உடறாளுக."

அந்தச் சனிக்கிழமை சோணைமுத்து போன பிறகு சாமியப்பனிடம் தனியாகச் சொன்னேன். எட்டு வாரக் கேசட்டையும் வெட்டி ஒட்டினால் ஒரு படம் ஆகிவிடும், முடிவை நான் மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேசட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதிமூணுன்னு எழுதுனது நீதான தம்பி. சேவூர்க் கேபிள்காரனே கேசட்டு கேக்கறான். நீ சொன்னாப்லயே ஆச்சு, ஊடூடா பயந்துட்டுப் பாக்கறாங்க."

ஞாயிறு காலை ஆற்று மணல் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. முள்ளும் உடைந்த பாட்டில் சில்லும் எங்கும் இறைந்திருந்தன. மயிலாள் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்ந்த தலையுடன் தண்ணீரை நோக்கி நடந்தாள். சாமியப்பன் கேமராவைத் தோளில் ஏற்றினார். நான் அவளுடைய காலடித் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில தடங்கள் வெறும் மணலாகத்தான் இருந்தன. அதன்பிறகு இடது பாதம் பட்ட இடமெல்லாம் சிவப்பு, ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம் கூடுதலாக. தண்ணீருக்கு இன்னும் பத்தடி இருந்தது. அவள் நடை கொஞ்சமும் தடுமாறவில்லை.