ஓட்டத்துக்குக் கட்டிய பஸ் நிலையம்

இரத்தோட்டையைத் தாண்டி, ரோடு மலையேறத் தொடங்கும் இடத்தில் எங்கள் கடைவீதி. அங்கே புதிய பஸ் நிலையம் திறந்த அன்று இஞ்சினியர் மகாலிங்கம் வெகுநேரம் பேசினார். கட்டிடம் என்பது கல்லும் சீமெந்தும் அல்ல, ஓட்டம் என்றார். மூலை இருந்தால் மனிதன் நின்றுவிடுவான், அதனால் மூலையே வைக்கவில்லை என்றார். சுவர் வளைந்து கூரையாகி, கூரை வளைந்து மறுபடி சுவராகியிருந்தது. மாலை போட வந்தவர்கள் வெளியே போகும் வழி தெரியாமல் உள்ளேயே சுற்றினார்கள். அதையும் அவர் ஓட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

மகாலிங்கம் பருத்தித்துறைக்காரர். புழுக்கத்தில் வளர்ந்தவர். காற்றைப் பிடித்து உள்ளே விடுவதுதான் கட்டிடத்தின் முதல் கடமை என்று நம்பியவர். மேற்குச் சுவர் முழுக்க ஓட்டைக்கல் பதித்திருந்தார். அவர் ஊரில் அந்தச் சுவரைக் கும்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் காற்றை யாரும் அழைப்பதில்லை. அது பாட்டுக்கு வரும். மதியம் திரும்பியதும் பக்கத்துக் கொட்டிலில் காயும் ஏலக்காயின் வாசத்தைச் சுமந்துகொண்டு மூடுபனி ஒவ்வொரு ஓட்டையாலும் நுழைந்தது. நடுவில் வெயில் எட்டிப் பார்த்தால் தரையெல்லாம் வட்ட வட்டமாக வெளிச்சம் மிதந்தது. உட்காரும் வாங்குகளோ மனித முதுகின் சாய்வை அளந்து வார்த்த சீமெந்து வாங்குகள். காலை வெயிலைக் குடித்துவிட்டு, பகல் முழுக்க முதுகுக்கு இளஞ்சூடு கொடுத்தன. முதுகில் சூடு, முகத்தில் குளிர், மூக்கில் ஏலக்காய்.

ஊர் தூங்கியது.

முன்பு அங்கே இருந்த தகரக் கொட்டகையில் யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. அது ஒழுகும், நாறும், காகம் எச்சமிடும். அங்கிருந்து தப்ப எந்த பஸ் வந்தாலும் ஏறினார்கள், சிலர் போகும் ஊரைக்கூடக் கேட்காமல். புதிய நிலையத்தில் பஸ்கள் வந்து, ஹோர்ன் அடித்து, வெறுமையாகப் போயின. ஹோர்ன் சத்தம் கூரையின் வளைவில் உருண்டு, தண்ணீருக்கடியில் ஊதிய சங்கு மாதிரி இறங்கியது. அதைக் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்கள்.

மாட்டிக்கொண்டவர் டைம்கீப்பர் ரவூப். பஸ்கள் ஆளில்லாமல் போவது அவர் கவனக்குறைவு என்று மேலிடம் முடிவு செய்தது. இப்படியே போனால் மலைக்கு அப்பால் பல்லேகமவுக்கு மாற்றல் என்றும் சொல்லியனுப்பியது. மனைவி ஜெஸீமாவுக்கு அப்போது தலைப்பிள்ளை, மாதம் நெருங்கியிருந்தது. பல்லேகமவிலிருந்து இரவில் ஒரு அவசரத்துக்கு வர வழியே கிடையாது. ரவூப் விசில் ஊதினார். அது தாலாட்டாகத் திரும்பி வந்தது. வாங்குகளில் தண்ணீர் ஊற்றினார். சனம் சாக்கை விரித்துப் படுத்தது.

கடைசியில் மகாலிங்கமே பார்வையிட வந்தார். வாங்குகளை உடைத்துவிட்டுப் பலகை போடலாமே என்று ரவூப் கெஞ்சினார். மகாலிங்கம் உட்காரவில்லை, தான் வடிவமைத்த எதிலும் அவர் உட்கார்ந்ததில்லை. சாட்சிக்கு, தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து சாய்ந்திருந்த பாப்பம்மாவை எழுப்பி, இங்கே என்ன குறை என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க தொர. லயத்து வீட்டுல காலை நீட்டுனா சொவரு இடிக்கும். இங்கதான் நீட்டித் தூங்குறேன்."

"பஸ் போய்விடுமே?"

"போனா போகட்டும். அது தெனமும் போறதுதானே."

மகாலிங்கம் ரவூப் பக்கம் திரும்பினார். "கட்டிடத்திலை பிழை இல்லை, கண்டீரோ. சனத்திலைதான் பிழை."

அந்த வாரமே மாற்றல் வந்துவிட்டது.

பல்லேகம பஸ்ஸுக்கு ரவூப் தகரப்பெட்டியோடு வந்தார். ஜெஸீமா சோற்றுப்பொதியோடு வழியனுப்பக் கூட வந்தாள். இத்தனை நாளும் அங்கே நின்றே பழகிய மனிதர், அன்றைக்கும் நின்றார்.

"நடு வாங்குல ஒக்காருங்க," என்றாள் ஜெஸீமா.

"ஒக்காந்தா தூங்கிருவேன்."

"நான் இருக்கேன்ல, எழுப்ப மாட்டேனா?"

ரவூப் உட்கார்ந்தார். அந்தச் சாய்வு அவர் முதுகுக்கே அளவெடுத்தது போல இருந்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தவர், பாதியில் தலையைச் சாய்த்துவிட்டார். மூடுபனி ஓட்டைகளால் ஒழுகி வந்து வாங்குகளை ஒவ்வொன்றாக மூடியது. தூங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே மூச்சு விடுவது போலிருந்தது.

பஸ் வந்தது. புதிய டைம்கீப்பர் கணபதி நெஞ்சு நிறைய விசில் ஊதினார். கேட்டது ஒரு குருவிச் சத்தம். கண்டக்டர் ஃபுட்போர்டில் நின்றபடி ஜெஸீமாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மற்றக் கையால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எழுப்பவில்லை.

பஸ் பனிக்குள் போய்ச் சத்தமும் அடங்கியது. கணபதி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருக்கும் குரல் தாழ்ந்துவிட்டிருந்தது.

"அவர் போகலையா தங்கச்சி?"

"நாளைக்கும் பஸ் வருந்தானே," என்று கிசுகிசுத்தாள் ஜெஸீமா. சோற்றுப்பொதியை மடியில் வைத்துக்கொண்டு அவளும் மெல்லச் சாய்ந்தாள்.