சமர்த்தான வயிறு

விடிந்ததும், வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுவதற்கு முன் பையை மாற்றிவிட வேண்டும். வெறும் வயிற்றில்தான் குடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த கணவனின் வயிற்றிலிருந்து மலம் சேரும் பழைய பையைத் தையற்காரி மெல்ல உரித்தாள். ஆபரேஷனில் குடலை வெளியே எடுத்து வைத்திருந்த அந்தச் சிவப்பு வாயைச் சுற்றி வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்தாள்.

முன்பெல்லாம் இது பெரும் கூத்து. தோலைக் காயவைப்பதற்குள் தண்ணியாய் வழியும். மறுபடி துடைக்க வேண்டும். புதுப் பை ஒட்டாமல் நழுவும். "உங்கம்மாகூட என்னை இப்படி வேலை வாங்கினதில்லை" என்பாள். அவன் சிரிப்பான்.

இந்த வாரம் ஒரு சொட்டு இல்லை. ராத்திரிச் சோற்றையும் பசிக்கலை என்று பாதியில் வைத்துவிடுகிறான். வாய்மேல் வைத்த பஞ்சு காய்ந்தே கிடந்தது. கழற்றிய பையின் அடியில் பசைபோலக் கொஞ்சம், அவ்வளவுதான்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனே. டப்பா காலியாத்தானே வந்துச்சு?"

"காலியாவும் வந்துச்சு, கழுவியும் வந்துச்சு. கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க ஒரு டம்ளர் கழுவினதில்லையே?"

அவன் சட்டையைத் தேடினான். உதடு வெடித்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எவள் கைச் சாப்பாடோ என்றுகூட ஒரு கணம் மனம் ஓடியது. எங்கே சாப்பிட்டிருந்தாலும் பை காட்டிக்கொடுத்திருக்குமே.

மத்தியானம் மெஷினை மூடிவிட்டு, அவன் வேலை செய்யும் பல்பு கம்பெனிக்குப் போனாள். படிக்கட்டுக்கு அடியில், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் லோடுமேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அது எங்க வீட்டு டப்பா."

அவன் கை பாதியில் நின்றது. "அண்ணி... அண்ணன்தான் தினம் குடுக்கிறார். வயித்துக்கு ஒத்துக்கலையாம்."

"தண்ணியாவது குடிக்கிறாரா?"

நெட்டையன் சுற்றுமுற்றும் பார்த்தான். "கக்கூஸ் சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு. பை நிறைஞ்சுபோய் அண்ணன் அடிக்கடி சாவி கேட்டார். 'இன்னொரு தடவை எழுந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடு'ன்னுட்டான். அன்னைலேர்ந்து பச்சைத் தண்ணி இல்லை. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அண்ணி."

அவள் பாதி திறந்திருந்த கண்ணாடி ஜன்னலோரம் போய் நின்றாள். உள்ளே வரிசையாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் கணவன். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான். பக்கத்துப் பெண் எழுந்து, "சார், சாவி..." என்றாள்.

சூப்பர்வைசர் வந்து கணவனின் தோளில் கை வைத்தான். "இவரைப் பாரு. வயித்துல பை கட்டிக்கிட்டிருக்கிற மனுஷன். காலையில உட்கார்ந்தவர் இன்னும் அசையலை. உனக்கென்ன கேடு?"

கண்ணாடியைத் தட்ட ஓங்கிய தையற்காரியின் கை அப்படியே நின்றது.

அந்தப் பெண் சூப்பர்வைசரை அல்ல, பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் தலை நிமிராமல் அடுத்த பல்பை எடுத்தான்.