மூன்று ரப்பர் திரிகள்

பம்பை நாற்பது தடவை அழுத்தியாகிவிட்டது. அக்காவின் சைக்கிள் முன்சக்கரம் சப்பையாகவே கிடந்தது, மூச்சு வாங்கியது எனக்குத்தான். ஏழு வருஷமாக எங்கள் கார் ஷெட் மூலையில் பழைய போர்வைக்குள் நின்ற மலை சைக்கிள் அது. அடுத்த வாரம் மகனோடு இருக்க ஊரைவிட்டே போகிறவள், நேற்று திடீரென்று போன் பண்ணினாள். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த மேட்டுக்குப் போலாமாடி? என் சைக்கிள் இருக்கா, வித்துட்டியா?" இத்தனை வருஷத்தில் எங்காவது பார்த்தால் "சாப்பிட்டியா" என்பதோடு சரி. "இருக்கு, ஜோரா இருக்கு" என்று நானும் அளந்துவிட்டேன்.

இரண்டு சைக்கிளும் ஒரே நாளில் வாங்கியவை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தொன்று. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்று கேட்காத ஆளில்லை. கடைக்காரர், "உள்ளே டியூபே கிடையாதும்மா. ரப்பர் பால் மாதிரி ஒண்ணு இருக்கும், ஓட்டை விழுந்தா அதுவே அடைச்சுக்கும். பஞ்சர்ங்கற பேச்சுக்கே இடமில்லை" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நான் அப்படியே நம்பினேன். அக்கா மட்டும் மாதம் ஒரு தரம் சக்கரத்தைக் கழற்றி, காதருகே வைத்து ஆட்டுவாள். சளக் சளக்கென்றால் பால் இருக்கிறது, சத்தமில்லை என்றால் காய்ந்துவிட்டது. "கேக்குதாடி?" என்று என் காதிலும் வைப்பாள். டாக்டரம்மா என்று கேலி செய்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! இறக்கத்தில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டே வருவோம். அப்படி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, "மேலே போனதும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா" என்றுதான் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் என்னைவிட்டுப் போகப் போகிறார் என்று சொல்லி, அவள் மடியில் அழ வேண்டும். வீட்டில் அழ முடியாது, மாமியார் இருந்தார். பாதி ஏற்றத்தில், "நீ முன்னாடி போ, வந்துடறேன்" என்றாள். வரவில்லை. உச்சியில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். இறங்கி வீட்டுக்கு வந்தால், ஷெட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறாள்.

"கல்லு கிழிச்சிடுச்சுடி. உருட்டிக்கிட்டே வந்தேன்."

"இது பஞ்சரே ஆகாதுன்னு உன் முன்னாடிதானே சொன்னாரு? ஏற முடியலைன்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்கு இந்தப் பொய்?"

இன்னும் வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேன். அவள் பஸ் ஏறிப் போனாள். சைக்கிளை எடுக்க வரவேயில்லை.

சரி, பம்பைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம். வால்வைக் கழற்றினால் அதன் வாய் முழுக்கக் காய்ந்த ரப்பர். ஊசியால் குத்தி எடுத்தேன். இப்போது காற்று ஏறியது, ஏறிய வேகத்தில் எங்கேயோ புஸ்ஸென்று போனது. சோப்புத் தண்ணீர் தெளித்தேன், ஒரு பக்கம் பூராவும் நுரை. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. டயரை நெம்பிப் பிரித்தேன். உள்ளே பழைய பால் ஆடையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. உரித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மூன்று ரப்பர் திரிகளின் நுனிகள், ஒன்றையொன்று நெருக்கியபடி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. கிழிசலில் செருகி அடைக்கிற திரிகள். வெளிப்பக்கம் சேற்றைச் சுரண்டினேன். கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு.

சைக்கிள் கம்பிகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் உண்டு. பல்லி எச்சம் என்று ஏழு வருஷமாக அந்த ஷெட்டுப் பல்லிகளைத் திட்டியிருக்கிறேன். நகத்தால் கீறினேன். ரப்பராக உரிந்து வந்தது. கிழிந்த வேகத்தில் பால் பீய்ச்சி அடித்திருக்கிறது, அவள் முகத்தில்கூடத் தெறித்திருக்கும். அந்தப் பாழாய்ப்போன திரிகளைச் செருகிக்கொண்டு எவ்வளவு நேரம் போராடினாளோ! எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை குனிந்து அந்த டயரைப் பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் அக்கா ராத்திரி தங்கப் பையோடு வந்தபோது, உள்ளே ஒட்டுப் போட்டு, புதுப் பால் ஊற்றி, டயரின் ஓரம் சக்கர விளிம்பில் டப் டப்பென்று பிடிக்கும்வரை காற்றடித்து, வெட்டு கீழே இருக்கும்படி சக்கரத்தை வாளிமேல் படுக்கவைத்திருந்தேன். முடி முழுக்க நரைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.

"பல்லி எச்சம்னு நினைச்சேன்க்கா." அதுதான் வந்தது.

அவள் கம்பிகளைப் பார்த்தாள். நியூஸ்பேப்பரில் நான் எடுத்து வைத்திருந்த மூன்று திரிகளையும் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா, மேலே வந்திருப்பேன்டி."

நான் அழுதேன். அவள் தேற்றவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சக்கரத்தைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். அப்புறம் என் காதில் வைத்தாள். சளக் சளக்.

"காத்து நிக்குமாக்கா?"

"தெரியலை. காலையில பாத்தாதான் தெரியும்." சோப்புத் தண்ணீரை வெட்டின்மேல் விட்டாள். "அன்னிக்கு ஒண்ணு சொல்லணும்னியே."

"அதான் உனக்குத் தெரியுமே."

"ஊரு சொல்லித் தெரியும். நீ சொல்லலை."

வெட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் உப்பி, உடையாமல் நின்றது. அக்கா அதிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன்.