கேள்வி முடியுமுன் வந்த மறுமொழி

மக்கீன் கிளாக்கருக்கு இரண்டு விசர் என்று சாய்ந்தமருது முழுக்கப் பேச்சு. ஒன்று, அவருடைய ஒரே மகள் பரீனா. மற்றது, கல்லோயா அணைக்கட்டுத் திட்டத்தில் வேலை செய்த பிரெஞ்சுக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது அவர் தலையில் கட்டிவிட்டுப் போன கிராமபோன் பெட்டி. மகள் மேல் பித்தாய் இருக்கும் தகப்பனை யார் குறை சொல்வார்கள்? பெட்டியைப் பற்றித்தான் வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

பெட்டியோடு இரண்டு கட்டு இசைத்தட்டுகளும் வந்திருந்தன. ஒரு கட்டுக்குச் சிவப்பு லேபிள், மற்றதற்கு நீல லேபிள். இரண்டிலும் இருந்தது ஒரே கூத்துத்தான். வசனமே இல்லாமல், கொல்வதும் சொல்வதும் எல்லாம் பாட்டாகவே நடக்கும் பிரெஞ்சுக்காரருடைய பெரிய கூத்து. ஒப்பரா என்பார்களாம். கதை கிரேக்கருடைய பழங்கதை. ஒரு ராசாவின் கப்பல்களெல்லாம் காற்றில்லாமல் கரையில் கிடக்கின்றன. மகளைப் பலி கொடுத்தால் காற்று விடுவேன் என்கிறாள் ஒரு தேவதை. ராசா மகளைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்கிறான். அவள் சம்மதம் என்கிறாள். ஒரே கூத்தை இரண்டு கூட்டம் பாடினால் எது திறம் என்று மாறி மாறிப் போட்டுப் பார்ப்பது துரையின் பொழுதுபோக்கு. கதையைச் சொல்லிக் கொடுத்ததோடு அந்த நோயையும் மக்கீனுக்குத் தொற்ற வைத்துவிட்டுத்தான் மனுசன் கப்பலேறினார்.

"மகன அறுக்கப் போன நம்மட இப்றாகீம் நபிக்கு ஆடு வந்த. இந்தப் புள்ளைக்கு என்ன வந்த?" என்று கேட்டாள் மக்கீனின் மனைவி ஸம்ஸியா.

"துரை கதையை முடிக்க முந்திக் கப்பலேறிட்டார்."

"நல்ல துரை!"

ஸம்ஸியாவின் கூடப்பிறந்த காக்கா பக்கீர் மூன்று தோணிக்கும் ஒரு கரைவலைக்கும் சொந்தக்காரர். அவருடைய நியாயம் வேறு. "காத்து இல்லாட்டி வள்ளத்தை இழுத்து வெச்சிட்டுக் கரைவலை போடுறதுதானே மச்சான். இதுக்குப் போய் ஆரும் புள்ளய அறுப்பாங்களா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு மக்கீனும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். அவர் இருக்கும் வீடு பக்கீர் கட்டிய வீடு. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி: பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் குடியிருப்பார். வாப்பா இல்லாத ஸம்ஸியாவுக்காகப் பக்கீர் கடலுக்குப் போய்ப் போய்ச் சம்பாதித்து, கல் சுமந்து, மண் குழைத்து இந்த வீட்டை எழுப்பினார். அது முடியுமட்டும் தான் கலியாணம் முடிக்காமல் இருந்தார். இருபத்தைந்து வருசமாக ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூட மக்கீனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட பக்கீர் தன் மகன் ஆதம்பாவாவுக்குப் பரீனாவைக் கேட்டார். கேட்டார் என்று சொல்வதும் பிழை. மச்சான் முறை, உரிமைப் பெண். எப்போது வைப்போம் என்றுதான் கேட்டார். ஸம்ஸியா சந்தோசத்தில் அழுதேவிட்டாள்.

மக்கீனுக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. ஆதம்பாவா குடியில்லை, சூதில்லை, உழைப்பாளி. ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முந்திக் கை வரும். போன ஹஜ்ஜுப் பெருநாளன்று தேத்தண்ணி கொண்டுவரச் சுணங்கியதற்காகத் தன் தங்கையை அவன் அறைந்ததில் அவள் தடுத்த கையிலிருந்த வளையல்கள் நொறுங்கிக் கொட்டின. பக்கீர் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள், மக்கீனும்தான். குனிந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கியவள் பரீனா.

எனவே மகளிடம் கேட்டார். "மகள், ஆதம்பாவாவ உங்களுக்கு..."

"ஓம் வாப்பா" என்றாள் அவள்.

மனம் ஆறாமல் அடுத்த கிழமையும் கேட்டார். அதே மறுமொழி. "எத்தனை தரம் கேப்பீங்க? குமருப்புள்ள, வெக்கப்படாதா?" என்று ஸம்ஸியா ஏசினாள். பெண் வாய் திறந்து ஓம் என்று சொன்ன பிறகு தகப்பனுக்கு என்ன வேலை? ஊரில் எத்தனை பெண்கள் வாயே திறக்காமல், மௌனமே சம்மதம் என்று கொள்ளப்பட்டுக் கலியாணம் முடித்திருக்கிறார்கள்! மக்கீன் தனக்குத் தானே இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டார். மனது கேட்டால்தானே.

அந்த வெள்ளிக்கிழமை லீவில் நின்றவர், ஜும்மா முடிந்து வந்து, மனதை ஆற்றலாம் என்று பெட்டிக்குச் சாவி கொடுத்தார். முதலில் சிவப்பு. ராசா கேட்கிறான். வயலின்கள் ஓய்கின்றன. மகள் ஒரு மூச்செடுத்து, ஆற அமர, தேன்பாணி போல இனிக்க இனிக்கச் சம்மதம் சொல்கிறாள். பிறகு நீலம். அதே ராசா, அதே கேள்வி. அந்தப் பிரெஞ்சுச் சொற்களும் அவைதான், பொருளைத் துரை சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் இங்கே ராசாவின் குரல் இறங்கி முடியுமுன்பே மகளின் குரல் ஏறி விழுந்துவிடுகிறது. இத்தனை நாளும் அதைப் பாடகியின் அவசரம், தாளப் பிசகு என்று மக்கீன் தள்ளி வைத்திருந்தார். சிவப்புத்தான் திறம் என்று தீர்ப்பும் கொடுத்திருந்தார்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். பிசகு இல்லை. கேள்வியை முழுக்கக் கேட்டால் தன் வாயால் அந்தச் சொல் வராது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் முந்திக்கொள்கிறாள். மக்கீன் ஊசியைத் தூக்கி நிறுத்தினார். பரீனா ஒரு தரமாவது அவரைக் கேள்வியை முடிக்க விட்டாளா?

திங்கட்கிழமை காலை அம்பாறை பஸ்ஸில், கூட வேலை செய்யும் காரைதீவுப் புண்ணியமூர்த்தியிடம், யாரோ ஒருவருடைய கதை போலப் பொதுவாகக் கேட்டார். "ஒரு பொம்புளப்புள்ள கேக்க முந்தியே ஓம் எண்டு சொன்னா, அதுக்கு என்ன கருத்து?"

"வேறென்ன, ஆசைதான்! என்ர மனிசி தரகர் வாய் திறக்க முந்தித் தலையாட்டினவ" என்றார் புண்ணியமூர்த்தி.

அதுவும் சரிதானே? ஆசையும் முந்தும், பயமும் முந்தும். எது முந்தியது என்று எந்தக் காதால் பிரிப்பது? மக்கீன் அன்று கந்தோரில் கூட்டிய கணக்கெல்லாம் பிழைத்தது.

கிழமை முழுக்க அம்பாறையில் தங்கிவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் ஸம்ஸியா குறை சொன்னாள். "நீங்க இல்லாத நாளையில உங்கட மகளும் அந்தப் பெட்டியோடதான். வெள்ளைக்காரி கத்துறத்தத் திருப்பித் திருப்பிப் போடுறாள்."

"எது? சிவப்பா, நீலமா?"

"சிவப்பு எது, நீலம் எது, எனக்கெங்க தெரியும்? அந்தப் புள்ள பொறுதியில்லாமக் கெதியா மறுமொழி சொல்லுறாளே, அந்தப் பிளேட்டு."

பாட்டென்றால் காத தூரம் ஓடும் ஸம்ஸியாவுக்கே அது கேட்டிருக்கிறது! மக்கீன் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. பக்கீரிடம் போய்ச் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? நீலத் தட்டு சொன்னது என்றா? விசர் முற்றிவிட்டது என்று தலைக்குத் தேசிக்காய் தேய்த்து விடுவார்கள். மகளையே கூப்பிட்டுப் பயமா என்று கேட்டால், பயமில்லை வாப்பா என்பாள், அதையும் முந்திச் சொல்வாள். தனக்காகவா அவள் சொல்கிறாள்? உம்மாவுக்காக, மாமா கட்டிய வீட்டுக்காக, தலை குனிந்து நிற்கும் வாப்பாவுக்காகச் சொல்கிறாள். இப்படித் தெரிந்தும் தெரியாமலும், மென்று விழுங்கிக்கொண்டே மனுசன் கலியாண நாள் வரை வந்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று அவரை நாம் ஏசலாம். அந்த வீட்டில் இருபத்தைந்து வருசம் இருந்து பார்த்தவர்கள் ஏச மாட்டார்கள்.

அன்று பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். வீட்டு மண்டபத்தில் வெள்ளை விரித்து, நிக்காஹ் நடத்தும் லெப்பையும் பக்கீரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். பெண்ணைக் கொடுக்கும் பொறுப்புள்ள வலிகாரரான தகப்பன் உள்ளே போய், இரண்டு சாட்சிகள் கேட்கப் பெண்ணிடம் சம்மதம் வாங்கி வர வேண்டும். மக்கீன் உள்ளே போனார். சாட்சிகள் அறை வாசலில் நின்றார்கள்.

சிவப்புப் பட்டில், முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள் பரீனா.

"மகள்," என்று தொடங்கினார். வேண்டுமென்றே சொற்களை ஒவ்வொன்றாக, ஆறுதலாக வைத்தார். இந்தத் தரமாவது அவள் பொறுத்துக் கேட்கட்டும். "பக்கீர் மாமாட மகன் ஆதம்பாவாக்கு உங்கள நிக்காஹ்..."

"ஓம் வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள் சாட்சிகள். பெண்கள் மறுபடி குரவையிட்டார்கள்.

மக்கீன் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார். லெப்பை அவர் கையையும் ஆதம்பாவாவின் கையையும் சேர்த்து வைத்து, மேலே ஒரு லேஞ்சித் துணியை விரித்தார். துடுப்புப் பிடித்துக் காய்த்த, கனமான, சூடான கை. "நான் சொல்லித் தாறன், அப்படியே சொல்லுங்க" என்றார் லெப்பை. மகளை நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். மக்கீன் வாய் திறக்கவில்லை. லெப்பை திரும்பவும் சொல்லிக் கொடுத்தார். மக்கீன் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"லெப்பை, நான் குடுக்கல்ல. மகள் சம்மதிக்கல்ல."

"என்ன மச்சான் கதைக்கிறீங்க?" என்றார் பக்கீர். "புள்ள ஓம் எண்டத்தச் சாட்சி ரெண்டும் கேட்டாங்களே!"

"கேட்டாங்க. நான் கேட்டு முடிக்கல்ல மச்சான். அரைக் கேள்விக்கு வந்த மறுமொழி அது."

"அப்ப போய் முழுசாக் கேளுங்க!" என்றது ஒரு குரல். "ஓம் ஓம், திரும்பிக் கேக்கட்டும்" என்று சபை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. லெப்பையும் தலையாட்டினார். நியாயமான பேச்சுத்தான், அதில் குறை பிடிக்க ஒன்றுமில்லை.

"கேக்க மாட்டன்" என்றார் மக்கீன்.

ஆதம்பாவா எழுந்த வேகத்தில் பன்னீர்ச் செம்பு உருண்டது. பக்கீர் மகனின் தோளில் கை போட்டு நிறுத்தினார். பிறகு மக்கீனைப் பார்த்து, இருபத்தைந்து வருசம் சொல்லாததைச் சொன்னார். "இந்தச் செவருக்கு மண் குழைச்சது இந்தக் கை." அவ்வளவுதான். வாசலைத் தாண்டும்போது அவர் தோள் குலுங்கியது. மக்கீனுக்கு எழுந்து ஓடி அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எந்த முகத்தோடு பிடிப்பது?

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெரிய சஹன் தட்டுகளில் சோறு மூடியபடியே இருந்தது. ஸம்ஸியா அடுப்படியில் சுவரோடு சாய்ந்து அழுதாள். மக்கீன் எட்டிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் விரித்த வெள்ளையில் தனியாக உட்கார்ந்தார். இப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. புண்ணியமூர்த்தி சொன்னது சரியாக இருந்தால்? ஆசையில் முந்தியவளின் வாழ்க்கையை, யாரோ தூரத்துப் பாடகியின் மூச்சைக் கேட்டு அல்லவா கெடுத்துவிட்டார்! மச்சானையும் இழந்து, மனைவியையும் நோகடித்து, மகளையும் சபையில் வைத்து அவமானப்படுத்தி... இனி அந்தப் பிள்ளையை யார் முடிப்பார்கள்?

அறைக்குள் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பரீனா கலியாணப் பட்டோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க திரும்பி வந்து கேட்டிருந்தா," என்றாள், "நான் ஓம் எண்டுதான் வாப்பா சொல்லியிருப்பன்."

"தெரியும் மகள்" என்றார் மக்கீன். "அதாலதான் கேக்கல்ல."