இலுப்பூரின் முதல் ப்ளூ காய்ச்சல்

இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அமராவதி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு இலுப்பூரில் திருச்சி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்த பஸ்ஸை விட்டால் ராத்திரி ரயில் கிடைக்காது.

அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. சித்திரையில் இலந்தைக் கொட்டை அளவு இருந்தது. வைகாசியில் வரச்சொல்லி ஆஸ்பத்திரி தேதி கொடுத்தது. அதற்குள் ப்ளூ காய்ச்சல் கப்பலில் வந்து இறங்கிவிட்டது. அது ஐம்பத்தேழாம் வருஷம். நர்சுகளில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், வார்டைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம், பிறகு வாருங்கள் என்று கார்டு வந்தது. கட்டி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆனியில் நெல்லிக்காய் ஆகியிருந்தது. இரண்டாவது கார்டில் இந்தத் திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். வராவிட்டால் கட்டில் அடுத்தவருக்கு.

கட்டிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. திருச்சி டாக்டர் அதை அவள் கணவன் ரெங்கசாமியைத் தனியாக அழைத்துச் சொன்னார். ரெங்கசாமி யாரிடமும் சொல்லவில்லை. அமராவதியிடம், "வெறும் சதைக்கட்டி" என்றான்.

ஊருக்கு அதையும் சொல்ல முடியாது. எங்கே என்று கேட்பார்கள். அவள் குளத்துக்குக் குளிக்கப் போவதை நிறுத்தியதும் பெண்கள் காரணம் கேட்டார்கள். ரெங்கசாமி கடலை வியாபாரி. பதினைந்து வருஷமாகப் பொய் சொல்லிப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் பெண்டாட்டியின் மார்பை மறைத்துப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்று பேப்பரில் பார்த்ததைச் சொல்லிவிட்டான்.

"ப்ளூ காய்ச்சல்."

ஊருக்கே பெருமை. சிங்கப்பூர், மெட்ராஸ், அதற்கடுத்து இலுப்பூர். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் நிலவேம்புக் கசாயத்தை மூங்கில் கழியில் கட்டிச் சுவருக்கு மேலாக நீட்டினாள். மூன்று வாரம் நீட்டினாள். அமராவதியும் குடித்தாள். குடிக்காமல் எங்கே போவது? சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கதவில் சுண்ணாம்பால் குறி போட்டு, பெயரை லிஸ்டில் ஏற்றினார். லிஸ்ட் பஸ்ஸுக்கும் போயிற்று.

"காலை எடுங்கக்கா," என்றான் கண்டக்டர் சூசைராஜ். "லிஸ்ட்ல மொதப் பேரே ஒங்க பேருதான்."

"அதெல்லாம் சரியாப் போச்சுப்பா," என்றான் ரெங்கசாமி.

"நேத்துச் சாயங்காலம்கூடக் கொறையலேன்னு சொன்னியே தம்பி?" பஸ்ஸுக்குள்ளிருந்து பிச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். விராலிமலைக்குப் போகிறாளாம். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"காய்ச்சல் இல்ல ஆத்தா, பல்லு. பல்வலி."

"பல்வலிக்கா எங் கசாயத்த மூணு வாரம் குடிச்சா?"

"பல்லப் புடுங்க மெட்ராஸுக்கா?" பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். "அப்படி எத்தன பல்லுய்யா இருக்கு ஒம் பொண்டாட்டிக்கு?"

பஸ் மொத்தமும் சிரித்தது. ரெங்கசாமி வேறு வியாதி தேடினான். "கொடலெறக்கம்..." என்று ஆரம்பித்தவன், அது தன் சித்தப்பாவுக்கு வந்தது எங்கே என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். சூசைராஜ் விசிலை வாயில் வைத்தான்.

அமராவதி காலை எடுக்கவில்லை. டாக்டரைப் பார்த்த அன்று திருச்சியில் ரெங்கசாமி சோடா குடிக்கப் போன நேரத்தில், அந்த இங்கிலீஷ் பெயருக்குத் தமிழ் என்ன என்று நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அது அவள் வாய்க்குள்ளேயே கிடந்தது. கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு தம்பி," என்றாள் பின் சீட்டுவரை கேட்கும்படி. "எனக்குக் காய்ச்சலும் இல்ல, பல்வலியும் இல்ல. எடது மாருல புத்து."