பதினேழாம் கம்பி

எவால்ட் பியோன்டெக் தன் வீட்டு மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி மைதானத்தின் வடக்கு வாசலில் வந்து நின்றபோது, லோதார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை அது. நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்த இடம் சட்டென்று அடங்கிப்போனது. கலவை இயந்திரம் மட்டும் யார் வந்தால் எனக்கென்ன என்று சுற்றிக்கொண்டிருந்தது. பெயர்ப் பட்டியலும் காப்பிக் குடுவையும் ரெனாட்டேயின் பொறுப்பு. அவள் எவால்டைப் பார்த்தாள், லோதாரைப் பார்த்தாள், பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு எவால்டின் பெயரை எழுதிக்கொண்டாள்.

"என்ன வேலை குடுக்கலாம், லோதார்?"

"ஷ்டைன்ராத்துலேர்ந்து வந்திருக்கிற பெரிய மனுஷன்கிட்டயே கேளு. தள்ளுவண்டியெல்லாம் தள்ளுவாரான்னு."

ஷ்டைன்ராத் பக்கத்து ஊர். லோர்பெக்கில் அந்தப் பெயரைச் சொன்னால் பால் திரியும். கெர்மானியா லோர்பெக் இரண்டு முறை நாட்டின் சாம்பியன் ஆன அணி. சுரங்கத்திலிருந்து ஏறி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே பந்தை உதைத்தவர்களின் அணி. பிறகு வெள்ளைக் காலணி போட்ட ஒரு தலைவர் வந்தார். சந்தையில் கோழி பிடிக்கிற மாதிரி ஆட்டக்காரர்களைப் பிடித்துப் போட்டார். கிளப் திவாலானது. தலைவர் காலணியில் சேறு படாமல் கிளம்பிப் போனார். அணி ஐந்தாம் பிரிவுக்கு விழுந்து, முயல் கண்காட்சிக் கொட்டகைக்குப் பக்கத்துத் திடலில் ஆடியது. அங்கே பந்து வெளியே போனால் முயல்கள்தான் முதலில் திரும்பிப் பார்க்கும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று உறுப்பினர்கள் கூடி, பேக்கரிக்காரரைத் தலைவராக்கி, ஆறு வருடத்தில் அணியை மூன்றாம் பிரிவுவரை தூக்கிவிட்டார்கள். கால்பந்துச் சங்கத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆகஸ்டுக்குள் பழைய மைதானத்தின் வடக்குப் படிக்கட்டு ஒழுங்காக வேண்டும், இல்லையென்றால் சொந்த ஊர் ஆட்டங்களையே ஷ்டைன்ராத் மைதானத்தில் வாடகைக்கு ஆட வேண்டும். அதைவிட அந்த முயல்களே மேல் என்று, மே மாதமே விடுப்புப் போட்டுவிட்டு ஆளாளுக்குச் சாந்து குழைக்க வந்துவிட்டார்கள். நாற்பது வருடம் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்ற லோதார்தான் மேஸ்திரி.

அந்தப் படிக்கட்டில் உட்கார இருக்கை கிடையாது. நின்றுதான் பார்க்க வேண்டும். கூட்டம் முன்னால் சரியாமல் இருக்க அங்கங்கே இடுப்புயரத்துக்கு இரும்புக் கம்பிகள் உண்டு. பதினேழாம் எண் கம்பியில் முப்பத்தொரு வருடம் வலது பக்கம் லோதார், இடது பக்கம் எவால்ட். மற்றவர்களுக்குத் தேவாலயத்தில் இடம் இருக்கிற மாதிரி, இவர்களுக்கு அது. ஐந்தாம் பிரிவில் இரண்டாவது வருடம், லோதார் தொலைக்காட்சியில் எதையோ தேடும்போது, ஷ்டைன்ராத் மைதானத்தில் அந்த அணியின் நீலக் கழுத்துத்துணி சுற்றி நின்ற எவால்டைப் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. நான்கு வருடம்.

இப்போது பேச்சு ரெனாட்டே வழியாக நடந்தது.

"ரெனாட்டே, திரு. பியோன்டெக் வண்டியைப் பாதிதான் ரொப்பணும். கவுத்துருவாரு."

"ரெனாட்டே, நான் முப்பது வருஷமா இவரு குடிச்ச பீரெல்லாம் ஒரு சொட்டு சிந்தாம கூட்டத்துக்குள்ள கொண்டாந்து குடுத்தவன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? எனக்கு எதுக்கு இந்தத் தபால்காரி வேலை?"

எவால்ட் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. குள்ளமான மனிதர், வண்டிக்குப் பின்னால் தொப்பி மட்டும்தான் தெரியும். அவர் வண்டி ஒருமுறைகூடக் கவிழவில்லை என்பதில் லோதாருக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். எவால்ட் தன்னிடம் வந்து நேராக ஒரு வார்த்தை பேசட்டும் என்று காத்திருந்தார். பேச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றும் முடிவு செய்து வைத்திருந்தார்.

ஜூலைக் கடைசியில் சங்கத்திலிருந்து திருமதி லிண்ட்னர் அளவு நாடாவோடு வந்தார். படி படியாக ஏறினார், கம்பி கம்பியாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. பதினேழாம் கம்பியில் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

கம்பியின் இடது பக்கத்தில், படிக்கு மேல், ஒரு சாண் உயரத்தில் ஒரு கான்கிரீட் மேடை இருந்தது. இரண்டு கால்களை வைத்து நிற்கிற அளவு. அழகாக மழுக்கிய விளிம்பு.

"வரைபடத்துல இல்லையே?"

"கணக்குத் தப்பிருச்சு" என்றார் லோதார்.

நாற்பது வருடத்தில் விரல் அகலத்துக்குக்கூட அவர் கணக்குத் தப்பியதில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காலணியைப் பார்த்தார்கள். ரெனாட்டேயால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பழைய படிக்கட்டுல அந்த இடத்துல ஒரு உடைஞ்ச கல்லு இருந்துச்சுங்க. உயரம் கம்மியான ஆளு ஒருத்தர் அதுமேலதான் நிப்பாரு."

"அவரை ஒரு படி மேல போய் நிக்கச் சொல்லுங்களேன்."

நாற்பது பேரும் அந்த அம்மாளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு படி மேலே என்றால் அது பதினேழாம் கம்பி ஆகாது. அதை எப்படி விளக்குவது?

"யாராவது தடுக்கி விழுவாங்க. நாளைக்குள்ள எடுத்துருங்க. மத்ததுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுர்றேன்."

மற்றவர்கள் கைதட்டி, திருமதி லிண்ட்னருக்குக் காப்பி ஊற்றப் போய்விட்டார்கள். எவால்ட் மட்டும் மேடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் அதன் ஓரத்துத் தூசியைத் துடைத்தார். சாந்து காய்வதற்கு முன் ஆணியால் தேதி கீறி வைப்பது லோதாரின் பழக்கம். தன் வீட்டுக் குளியலறையில்கூடக் கீறியிருக்கிறார்.

"மே பதினாலு" என்று வாசித்தார் எவால்ட். "நான் வந்தது ஜூன்ல."

லோதாரின் காது மடல் சிவந்தது. "கலவை மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுமேன்னு."

"இவ்வளவு மிச்சமா?"

"உளியை எடு. நாளைக்குள்ள உடைக்கணும்."

லோதார் உளியைப் பிடித்தார். எவால்ட் சுத்தியலை ஓங்கினார்.

"கையில போட்டுராதடா."

"நாலு வருஷக் கோவம் உனக்குத்தானே? எனக்கு இல்லையே."

நல்ல கலவை. லேசில் உடைவதாக இல்லை. பாதியில் எவால்ட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஒரே ஆட்டத்துல ஒம்பது கோல் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் என்னால முடியல, லோதார். யாராவது ஜெயிக்கிறதைப் பாக்கணும்போல இருந்துச்சு. போனேன். கோல் போட்டாங்க. கட்டிப்பிடிக்கலாம்னு வலது பக்கம் திரும்பினேன். எவனோ ஒருத்தன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்."

லோதார் உளியைத் திருப்பி வைத்து, "ம், அடி" என்றார்.

தேதி இருந்த துண்டு முழுசாகப் பெயர்ந்து வந்தது. எவால்ட் அதைத் தொப்பியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஆகஸ்டில் முதல் ஆட்டம். வடக்குப் படிக்கட்டு நிரம்பி வழிந்தது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் முதல் பெயரைச் சொல்லச் சொல்ல, குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தி முடித்தது. எவால்ட் இரண்டு பீரையும் ஒரு தொத்திறைச்சியையும் சிந்தாமல் கொண்டுவந்து, பதினேழாம் கம்பியின் இடது பக்கத்தில் நின்றார். நின்றவருக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரிந்தது.

"பரவால்ல. நீ பார்த்துச் சொல்லு."

லோதார் தன் பீரை எவால்டின் கையில் கொடுத்துவிட்டு, கம்பிக்கு அடியில் முனகிக்கொண்டே குனிந்து நுழைந்து, ஒரு படி கீழே இறங்கினார். எவால்டுக்கு நேர் முன்னால் நின்றவனைத் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். பிறகு அந்த இடத்தில் நிற்காமல், அதற்கு வலது ஓரமாக நின்றுகொண்டு, இடது கையைக் கம்பியோடு நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

சிவப்புக் கொடியோடு ஒருத்தன் இறங்கி வந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தான்.

"இங்க நிக்கலாமா?"

"ஆள் இருக்கு" என்றார் லோதார்.

அவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுப் போனான். எவால்டின் தொத்திறைச்சியிலிருந்து ஒரு சொட்டுக் கடுகுக் குழம்பு லோதாரின் தோளில் விழுந்தது. நீட்டிய கையை எடுத்தால் இடம் போய்விடும் என்று அவர் அதைத் துடைக்கவில்லை. ஓர் ஆள் அகலமான அந்தச் சந்து வழியாக எவால்டுக்குத் தெரிய, கீழே பச்சைப் புல்லின் நடுவில், நடுவர் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்.