ஒரே வரியில் இரண்டு சர்வர்

கோவில்பட்டியில் ஒரு ரத்த வங்கி. 2006-இல் அங்கே கம்ப்யூட்டர் வேலையெல்லாம் கல்யாணசுந்தரி பொறுப்பு. ரத்தம் கொடுக்க முன்வந்த நாலாயிரம் பேரின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் கீழ்த்தளத்து சர்வரில் இருந்தன. மாடியிலிருந்த இன்னொரு சர்வரில் அதன் நகலும் தானாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் கீழ்சர்வர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று புரோகிராமுக்குச் சொல்லும் வரியில் அந்த ஒரு சர்வரின் பெயர்தான் இருந்தது.

இரண்டாவதையும் சேர்க்க மூன்று நாள் மல்லுக்கட்டினாள். முழு வரியையும் இரண்டு முறை எழுதினாள். அரைப்புள்ளி வைத்தாள். இரண்டு சர்வருக்கும் பின்னால் டேட்டாபேஸ் பெயரைப் போட்டாள். எதற்கும் அது மசியவில்லை. நான்காம் நாள் கையேட்டை அச்செடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். இரண்டு சர்வர் பெயர்களுக்கும் நடுவே ஒரு கமா போதும். பிறகு ஒரு சாய்கோடு, டேட்டாபேஸ் பெயர் ஒரே ஒரு தடவை. முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால் புரோகிராம் அடுத்ததிடம் போகும். வரியை அப்படியே மாற்றி எழுதினாள்.

லேப் பொறுப்பாளர் கண்ணுசாமி சிரித்தார். "ஒரு கமாவ நம்பியா இருக்கச் சொல்லுதே?"

"எழுதியிருக்கு அண்ணாச்சி. நடக்குமான்னு எனக்கும் தெரியல."

பரீட்சித்துப் பார்க்க நாள் குறிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. ஒரு மதியம் விழுந்த இடியில் கீழ்சர்வர் கருகிப் புகைந்தது. அந்நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த உமாதேவிக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். வங்கியில் இருந்தது ஒரே பை.

கண்ணுசாமி அதை அனுப்பிவிட்டு ஓடிவந்தார். "ஆள் பேரு வேணும்மா, உடனே!"

கல்யாணசுந்தரி தேடலை அழுத்தினாள். திரை அசையவில்லை. பத்து விநாடி, பதினைந்து. பிறகு மூன்று பெயர்கள் வந்து நின்றன.

"அண்ணாச்சி... மாடியிலேர்ந்து வருது."

கண்ணுசாமி கைகூப்பிவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் எழுதிய வரிதான். ஆனால் யாரும் சொல்லாமலே அது செத்த இடத்தை விட்டு உயிருள்ள இடத்தைத் தேடிப் போயிருந்தது.

முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாவது சுடலைக்கண்ணு, கழுகுமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர். டீக்கடை நம்பருக்குப் பேசியதும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார், கால் நிறைய அப்பிய கரிசலோடு.

அவர் கொடுத்ததைப் பதிய முயன்றபோது மாடி சர்வர் மறுத்தது. புரோகிராமால் அதைப் படிக்க மட்டும்தான் முடியும். கல்யாணசுந்தரி காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

ரத்தம் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அதுவரை சுடலைக்கண்ணு பெஞ்சைவிட்டு எழவில்லை.

"தாயும் பிள்ளையும் நல்லாருக்காவ" என்றாள்.

"என்ன பிள்ள?"

"பொட்டப்பிள்ள."

முகம் மலர, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் வாரேன் தாயி. ஆட்ட அடைக்கணும்."